எந்தக் கான்சாகிபு? கதைப்பாடல் தலைவனும் திரைக்குரிய வடிவத் தேர்வும்

முன்னுரை

நாட்டுப்புற இலக்கியத் தாளில் கதைப்பாடல் என்னும் பகுதியைக் கற்பிக்கும்பொழுது, ஒரே தலைவனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரலாறுகள் வழங்குவது ஏன் என்னும் வினா ஆண்டுதோறும் எழுவதுண்டு. இம்முறை மாணவர் ஒருவர் அவ்வினாவையே வேறு வடிவில் எழுப்பினார். "ஐயா, பேட்மேன் கதையை எத்தனையோ முறை படமாக எடுத்துவிட்டார்கள். படத்துக்குப் படம் அவன் வேறு ஆளாக இருக்கிறான். எந்தப் பேட்மேனை எடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?" என்றார். வகுப்பு சிரித்தது. பாடத்திற்கும் அவ்வினாவிற்கும் தொடர்பில்லை என்று மாணவர் எண்ணினர் போலும். உண்மையில் அந்நாள் நான் நடத்தவிருந்த பாடமே அதுதான்.

1939இல் அமெரிக்கச் சித்திரக்கதை இதழொன்றில் தோன்றிய அம்முகமூடி வீரன், 1966இல் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தலைவனாக வந்தான். 1989இல் டிம் பர்டன் அவனை இருள் சூழ்ந்த கோபுரங்களுக்கிடையே நிறுத்தினார். 2005இல் கிறிஸ்டோபர் நோலன் அவனது அச்சத்திலிருந்து கதையைத் தொடங்கினார். மூவருக்கும் மூலம் ஒன்றே. ஆயின் பல பத்தாண்டுகளாகப் பலர் எழுதிப் பலர் வரைந்த அம்மூலத்தில் எல்லா வகைத் தலைவர்களும் இருந்தனர். இயக்குநர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஒருவனை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று இரும்புக்கை மாயாவி. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வெளியீடாக வந்த அக்கதையை, என் அண்ணன் கட்டிவைத்திருந்த பழைய புத்தகக் கட்டிலிருந்து எடுத்துப் படித்தவன் நான். அதன் மூலம் 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் தொடங்கிய தொடர். லூயிஸ் கிராண்டெல் என்னும் ஆய்வுக்கூட உதவியாளன் கையை இழந்து இரும்புக்கை பெறுகிறான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும், கை மட்டும் தெரியும். நம் நினைவில் நிற்பவன் நாட்டைக் காக்கும் உளவாளி மாயாவி. ஆனால் தொடக்கக் கதையில் அவன் அவ்வாறு இல்லை. பெற்ற ஆற்றலைக் கொண்டு தீமை செய்யப் புறப்பட்டவன் அவன். இக்கதையைத் திரைக்குக் கொணர்பவர் உளவாளியை மட்டும் எடுத்துக்கொண்டால் வேகம் கிடைக்கும், கதை கிடைக்காது. தீயவனாயிருந்த முற்பகுதியே பிற்பகுதிக்குப் பொருள் தருவது. இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு நம் கதைப்பாடல்களுக்குள் நுழைவோம்.

வழிநூலும் திரைநூலும்

ஒரு கதையைப் பிறிதோர் ஊடகத்திற்கு மாற்றுவது புதுவதன்று. தொல்காப்பியர் மரபியலில் முதல்நூலையும் வழிநூலையும் வேறுபடுத்தி, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், அவ்விரண்டும் சேர்ந்தது, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறார். திரைக்கதை எழுதுவோர் இன்று செய்வன இந்நான்கினுள் அடங்கும். எனினும் இவ்வகைப்பாடு முதல்நூல் ஒன்றே என்னும் நிலையிலிருந்து எழுவது. முதல்நூலே பலவாக இருப்பின் என் செய்வது? கம்பருக்கு முன்னும் இராமகாதை பல இருந்தன. கம்பர் வான்மீகத்தைத் தேர்ந்தார். தேர்ந்த பின்னரும், இராவணன் சீதையைத் தீண்டி எடுத்தான் என்னும் இடத்தில் மூலத்தை விட்டு விலகிப் பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் எனப் பாடினார். தேர்வு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று, இடந்தோறும் செய்ய வேண்டுவது என்பது இதனாற் பெறப்படும்.

கதைப்பாடலில் இச்சிக்கல் இன்னும் பெரிது. அதற்கு ஆசிரியர் ஒருவர் இல்லை. பாடும் ஊர்க்கேற்பவும் கேட்கும் மக்களுக்கேற்பவும் தலைவனின் பிறப்பும் சாவும் மாறும். அச்சுக்கு வந்த ஒரு வடிவம் மற்றவற்றை மறைக்கும். திரைக்கு வந்த வடிவமோ அச்சு வடிவத்தையும் சேர்த்து மறைத்துவிடும்.

இதற்குத் தக்க சான்று மதுரைவீரன். கிருஷ்ணா பிக்சர்ஸ் லேனா செட்டியார் தயாரிப்பில், யோகானந்த் இயக்கத்தில், கண்ணதாசன் உரையாடல் எழுத, 1956 ஏப்ரலில் வெளிவந்த அப்படத்தில் எம்.ஜி.ஆர். வீரனாக நடித்தார். அரசன் மகனாகப் பிறந்து, குறியின் தீமை கருதிக் காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் குடும்பத்தில் வளர்ந்தவன் என்பது அப்படம் தேர்ந்த பிறப்பு. அச்சில் வழங்கிய கதைப்பாடலிலும் இப்பிறப்பு உண்டு. ஆனால் வீரன் அக்குடியிலேயே பிறந்தவன், அரச பிறப்பு பின்னர் ஏற்றப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. என் கருத்தும் அதுவே. தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த ஒருவன் பொம்மண நாயக்கன் மகள் பொம்மியை மணந்தான் என்பதும், அதனால் ஊர் கொதித்தது என்பதும் கதையின் உயிர்நிலை. அவனை அரசகுமாரனாக்கிவிட்டால் அம்மணம் இரண்டு அரச குடும்பங்களின் சம்பந்தமாகச் சுருங்கிவிடுகின்றது. படத்தில் வளர்ப்புப் பெற்றோராக வந்த என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் மக்கள் மனத்தில் நின்றனர் என்பது உண்மை. ஆயினும் அவர்கள் வளர்த்தவர்களே, பெற்றவர்கள் அல்லர். அந்தச் சிறு மாற்றம் இன்றும் பலருடைய நினைவில் மதுரைவீரன் கதையாகவே நிலைத்துவிட்டது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட இறுதிக் காட்சியை மட்டும் படம் விடவில்லை. அந்த அளவில் அது நேர்மையுடையது.

கான்சாகிபு

இனி, இக்கட்டுரையின் பொருளுக்கு வருவோம். எடுத்து முடிக்கப்பட்ட படத்தைவிட எடுக்கப்படாத படமே வடிவத் தேர்வை நன்கு விளக்கும். 1997 அக்டோபர் 16 அன்று சென்னைத் தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் கமல்ஹாசனின் மருதநாயகம் படத்தின் தொடக்கவிழா நடைபெற்றது. பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத் அதில் கலந்துகொண்டார். கதைத்தலைவன் தூக்கிலிடப்பட்டது 1764 அக்டோபர் 15. இருநூற்று முப்பத்து மூன்று ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து, அவரைத் தூக்கிலிட்ட தரப்பின் முடிசூடியவர் அவர் கதையைத் தொடங்கிவைத்தார். படம் இன்றளவும் நிறைவு பெறவில்லை.

இத்தலைவரை நாம் எங்கோ தெற்கே வாழ்ந்தவராக எண்ண வேண்டியதில்லை. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபொழுது, முற்றுகையிட்டோரைப் பின்புறத்திலிருந்து அலைக்கழித்து அவர்தம் உணவுப்பொருள் வரவைத் தடுத்தவர் யூசுப்கான். செங்கற்பட்டுக் கோட்டையைத் தளமாகக் கொண்டிருந்த பிரெஸ்டனின் படையும் அவருடைய சிப்பாய்களும் இந்நிலப்பகுதியிலேயே நடமாடின. 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் பெரும்போர் நிகழ்ந்தது. சில நாட்களில் லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். செங்கற்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடைப்பட்டது நம் கூடுவாஞ்சேரி. நம் மாணவர் தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில் நின்றுகொண்டே கடக்கும் தொலைவு அவருடைய குதிரைகள் கடந்த தொலைவே. இதனைச் சொன்னபொழுது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஊர்ப்பெயர் ஒன்று வந்தால் வரலாறு எவ்வளவு விரைவாகப் பாடமாகிவிடுகின்றது!

வாழ்வின் எலும்புக்கூடு இது. இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூரில், வேளாளர் குடியில் பிறந்தவர் என்பர். இளமையில் ஊரை விட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, படைவீரராகி, திருச்சிராப்பள்ளிப் போர்களில் ஆங்கிலக் கும்பினியின் பக்கம் நின்று புகழ் பெற்றார். கும்பினியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் தளபதியானார். 1755 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் படையெடுப்புகளில் பங்கேற்றார். 1759இல் மதுரையின் ஆட்சியை ஏற்றார். 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளை வீழ்த்தினார். (இப்பனையூர் வேறு, அவர் பிறந்த ஊர் வேறு.) பின்னர் ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்குக் கீழ்ப்பட்டு நடக்குமாறு கும்பினி பணித்தபொழுது பிணக்கு முற்றியது. 1763இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி இருவரையும் எதிர்த்தார். மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. முதல் முற்றுகை தோற்றது. மேஜர் காம்பெல் தலைமையில் நடந்த இரண்டாம் முற்றுகையில், 1764 சூன் மாதத்து நேர்த்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பட்டினியும் உட்பகையுமே கோட்டையை வென்றன. திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுத் தளபதி மார்ஷாந்தும் சேர்ந்து அக்டோபர் 13 அன்று அவரைப் பிடித்துக்கொடுத்தனர். இரண்டாம் நாள் தூக்கிலிடப்பட்டார். உடல் துண்டிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. எஞ்சிய உடல் மதுரைச் சம்மட்டிபுரத்தில் அடங்கியுள்ளது.

வழங்கும் வடிவங்கள்

இவ்வாழ்வைத் திரைக்குக் கொணர விரும்புவார் முன் பல கான்சாகிபுகள் நிற்கின்றனர்.

முதலாமவர் ஆவணங்களின் யூசுப்கான். கும்பினிக் கடிதங்களையும் குறிப்புகளையும் திரட்டி எஸ்.சி. ஹில் 1914இல் எழுதிய நூலே இவ்வடிவத்தின் அடித்தளம். நூலின் தலைப்பிலேயே அவர் கலகக்காரத் தளபதி என்று பெயர் பெறுகிறார். சிறந்த வீரர், நல்ல நிருவாகி, ஏரி குளங்களைச் செப்பனிட்டவர், நெசவாளரைப் பேணியவர், மதுரைக் கோயிலுக்குரிய மானியங்களை மீட்டளித்தவர், இறுதியில் தலைவருக்கு எதிராக வாளெடுத்தவர் என்பது இவ்வடிவம் காட்டும் முகம். இதில் ஒரு குறை உண்டு. ஆவணம் எழுதியவன் கும்பினிக்காரன். தன் கணக்கில் வராதது எதையும் அவன் எழுதமாட்டான். யூசுப்கான் தன் மனைவியிடம் என்ன பேசினார் என்பதற்குக் கடிதம் கிடையாது.

இரண்டாமவர் கதைப்பாடலின் கான்சாகிபு. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கான்சாகிபு சண்டை' நம் மாணவர் கட்டாயம் படிக்க வேண்டிய நூல். பெயரிலேயே சண்டை உண்டு. பிறப்பும் வளர்ப்பும் அன்று, போரே அதன் பொருள். ஆவணங்களில் முற்றுகைக்குத் துணையாக வந்தவர்கள் என்று ஓரிரு வரியில் கடக்கப்படும் சிவகங்கைப் படையினரும் அவர்தம் பிரதானி தாண்டவராயபிள்ளையும் இங்கே பெருமை பெறுகின்றனர். அதாவது, கான்சாகிபுவின் பெயரால் வழங்கும் பாடலே அவரை எதிர்த்தோரையும் வீரர் எனப் போற்றுகின்றது. இது குறை என்று கருதுவாரும் உளர். நான் அதனை அப்பாடலின் தலையாய சிறப்பு என்பேன். பகைவனை எளியவனாக்கித் தலைவனை உயர்த்தும் பழக்கம் நம் பாணர்க்கு இல்லை. தேசிங்குராசன் கதையிலும் 1714இல் செஞ்சியில் நடந்த போரில் நவாபின் படையை எதிர்த்து இராசபுத்திர இளைஞனுக்காக உயிர்விடும் தோழன் மகமதுகான். நவாபும் முஸ்லிம், தோழனும் முஸ்லிம். பாட்டுக் கேட்டவர் யாரும் இதில் குழம்பியதாகத் தெரியவில்லை.

மூன்றாமவர் மக்கள் நினைவின் கான்சாகிபு. என் தாய்மாமா மதுரையில் வாணிகம் செய்தவர். பள்ளி விடுமுறையில் சென்றிருந்தபொழுது என்னைச் சம்மட்டிபுரத்துக்கு அழைத்துச் சென்றார். 1808இல் எழுப்பப்பட்ட அச்சிறு கட்டடத்தின் முன் நின்றுகொண்டு, "தொழுதுகொண்டு இருக்கும்போது பிடித்தார்கள் மருமகனே. அந்த நேரம் இல்லாவிட்டால் அவரை ஒருவரும் தொட்டிருக்க முடியாது" என்றார். கயிறு அறுந்து அறுந்து விழுந்தது என்றும், உடலைத் துண்டாக்கியது அவர் மீண்டும் எழுந்துவிடுவாரோ என்னும் அச்சத்தால் என்றும் கூறினார். திரும்பும் வழியில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே கான்சா மேட்டுத் தெருவைக் காட்டினார். ஒரு மனிதரைத் தூக்கிலிட்டு உடலைச் சிதைத்தவர்களால் தெருவின் பெயரை எடுக்க முடியவில்லை. எனக்கு அப்பொழுது பத்து வயதிருக்கும். ஆவணங்களைப் படிக்கும் முன்பே நான் இந்தக் கான்சாகிபுவைப் பெற்றுவிட்டேன். ஆகவே இவரிடம் எனக்குச் சாய்வு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

நான்காமவரைப் பற்றி நான் வகுப்பில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை எனக்கு நினைவூட்டியவர் ஒரு மாணவர்.

வகுப்பில் எழுந்த மறுப்பு

இம்மூன்று வடிவங்களையும் விளக்கி முடித்து, "இவற்றுள் எதனை எடுப்பீர்கள்?" என்று கேட்டேன். பெரும்பாலோர் மூன்றாவதையே விரும்பினர். அதில் துரோகம் உண்டு, தொழுகை உண்டு, தூக்குக்கயிறு உண்டு. அப்பொழுது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்தார். சங்கரன்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவர், இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பவர். "ஐயா, எங்கள் ஊரில் அவர் கதாநாயகர் இல்லை. வெள்ளைக்காரனோடு பீரங்கி கொண்டுவந்து கோட்டையை இடித்தவர் என்றுதான் எங்கள் பாட்டி சொல்லும்" என்றார்.

வகுப்பு அமைதியாயிற்று. அவர் சற்று அஞ்சியது தெரிந்தது. நிருவாகம் முஸ்லிம் பெருமக்களுடையது, பாடம் சொல்பவனும் முஸ்லிம், பேசப்படும் தலைவரும் முஸ்லிம். தான் வேறெதையோ சொல்லிவிட்டதாக அவர் எண்ணியிருக்கலாம். உட்காரச் சொல்வது எளிது. "தம்பி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் விட்டது தவறு" என்று கூறினேன். விட்டது மறதியால் மட்டுமா என்று பிற்பகல் முழுதும் என்னையே கேட்டுக்கொண்டேன். சம்மட்டிபுரத்துச் சிறுவன் ஒருவன் இன்னும் எனக்குள் இருக்கிறான். அவன் 1761ஆம் ஆண்டைத் தாண்டிக் குதித்து நேரே 1763க்குப் போய்விடுகிறான்.

மறுநாள் நெற்கட்டும்செவலையே பாடமாக்கினேன். கும்பினிக்கு வரிகட்ட மறுத்துத் தென்னாட்டில் முதலில் எழுந்தவர்களுள் பூலித்தேவர் தலையாயவர். அவரை அடக்கக் கும்பினியால் இயலாதபொழுது அனுப்பப்பட்டவர் யூசுப்கான். ஆயின் இதனைச் சமயப் பகையாகப் படிப்பது பிழை. பூலித்தேவரின் அணியில் மியானா, முடேமியா, நபிகான் கட்டக் என்னும் பட்டாணியத் தலைவர்கள் இருந்தனர். நவாபின் அண்ணன் மாபூசுகானே ஒரு கட்டத்தில் பூலித்தேவரோடு சேர்ந்தார். கான்சாகிபுவின் மனைவி மாசா கிறித்தவர். அவருடைய திவான் பிராமணர். அவரை ஒழிக்கத் துடித்த நவாபு முஸ்லிம். யார் எந்தப் பக்கம் என்பதை நெற்றியையோ தொப்பியையோ பார்த்துச் சொல்ல முடியாத காலம் அது. வரியை யார் வாங்குவது, யாருக்குக் கட்டுவது என்பதே அன்றைய கேள்வி.

பெயரே முதல் தேர்வு

திரைக்கதை எழுதுமுன் தலைப்பு வைத்தாக வேண்டும். அங்கேயே தேர்வு தொடங்கிவிடுகின்றது. மருதநாயகம் என்பது அவருடைய பிறப்புப் பெயராக வழக்கில் கூறப்படுவது. யூசுப்கான் என்பது அவரே ஏற்றுக்கொண்டது, ஆவணங்களில் உள்ளது. கான்சாகிபு என்பது மக்கள் அவரை அழைத்தது, பாட்டிலும் தெருவிலும் நிற்பது. முதலாவதை வைத்தால் மண்ணின் மைந்தன் கதையாகும். அதில் அவர் தழுவிய மார்க்கம் ஓர் இடைநிகழ்ச்சியாகக் குறுகும். இரண்டாவதை வைத்தால் படைத்தலைவன் கதையாகும். பனையூர் மறைந்துவிடும். நம்மவர் பலர் முதற்பெயரைக் கண்டால் முகம் சுளிப்பர், பிறர் சிலர் இரண்டாம் பெயரைக் கண்டால் சுளிப்பர். இரு திறத்தாரும் விரும்புவது ஒன்றே. தமக்கு வேண்டாத பாதியைச் செதுக்கி எறிந்துவிட்டு எஞ்சியதைச் சிலையாக்க வேண்டும் என்பது. மதுரைவீரனுக்கு அரச பிறப்பு ஏற்றியதும் இத்தகைய செதுக்கலே. அங்கே இல்லாததை ஒட்டினர், இங்கே உள்ளதை வெட்டுவர்.

என்னைக் கேட்டால் கான்சாகிபு என்பதையே கொள்வேன். அப்பெயரை அவரும் தேர்ந்ததில்லை, அவருடைய பெற்றோரும் வைத்ததில்லை. ஆண்டவர்களும் ஆளப்பட்டவர்களும் வாயால் வழங்கி வழங்கி நின்ற பெயர் அது. 'கான்சா' என்று தேய்ந்தும் இருக்கின்றது. சிவகாசிக்கு மேற்கேயுள்ள கான்சாபுரத்து மக்கள் அதனைப் பொருள் பிரித்துப் பார்த்தா சொல்கிறார்கள்?

எங்கிருந்து தொடங்குவது

வீரர் கதைகளைத் திரையாக்குவோர் பெரும்பாலும் பிறப்பிலிருந்தோ தூக்குமேடையிலிருந்தோ தொடங்குவர். பிறப்பிலிருந்து தொடங்கினால் ஏழைச் சிறுவன் உயர்ந்த கதையாகும். தூக்குமேடையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சென்றால் தியாகியின் கதையாகும். இரண்டிலும் பார்வையாளர் முதற்காட்சியிலேயே தலைவனின் பக்கம் சேர்ந்துவிடுவர். அதன்பின் 1761 வந்தாலும் அதனை மன்னித்துவிடுவர். இதனால்தான் தொடக்கம் பெரிதும் சிந்திக்கத்தக்கது.

மாயாவிக் கதையைப் பற்றி மேலே கூறியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். பிறருக்காக ஒரு கோட்டையை உடைத்தவர், மூன்றே ஆண்டுகளில் தமக்காக ஒரு கோட்டையைக் காக்க வேண்டியவரானார். நெற்கட்டும்செவலின் சுவருக்கு வெளியே நின்று கற்ற போர்முறையை மதுரைச் சுவருக்கு உள்ளே நின்று எதிர்கொண்டார். காம்பெலின் படையினர் அவர் பயிற்றுவித்த சிப்பாய்களின் தோழர்களே. இவ்வளவு பொருத்தம் வரலாற்றில் தானாக அமைவது அரிது. அமைந்திருக்கும்பொழுது அதனை விட்டுவிட்டு, களங்கமற்ற தலைவனைத் தேடுவது என்ன மதியோ! அவர் 1763இல் கும்பினியை எதிர்த்ததற்குக் காரணம் நாட்டுப்பற்றா, தன்மானமா, குத்தகைப் பணமா என்று வாதிடுவோர் உளர். எனக்கு மூன்றும் கலந்தே தோன்றுகின்றன. பூலித்தேவர் கேட்ட அதே கேள்வியை, அவரை வென்றவர் பின்னர்த் தாமே கேட்க நேர்ந்தது. அவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்.

எனவே திரைக்குரிய வடிவம் எது என்னும் வினாவுக்கு என் விடை, மேற்கூறிய நான்கில் ஒன்றன்று. கதைப்பாடல் காட்டும் நெறியே கொள்ளத்தக்கது. நிகழ்ச்சிகளை ஆவணங்களிலிருந்து பெறலாம். உணர்ச்சியைச் சம்மட்டிபுரத்திலிருந்து பெறலாம். ஆயின் பகைவரையும் வீரராகக் காணும் பார்வையை அப்பாணனிடமிருந்துதான் பெற வேண்டும். சிவகங்கையாரைப் பாடியவன் நெற்கட்டும்செவலாரையும் பாடியிருப்பான், அப்பொருள் அவன் பாட்டின் எல்லைக்குள் வந்திருந்தால்.

மாசாவின் இடமும் எண்ணத்தக்கது. முற்றுகைக்குள் சிறு குழந்தையோடு இருந்த பெண் அவர். ஆவணத்தில் அவருக்குச் சில வரிகளே. பாட்டுக்காரனும் அதிகம் கொடுக்கவில்லை. இந்த ஓர் இடத்தில் திரைக்கதையாசிரியர் விரிக்கலாம். தொல்காப்பியரும் தடுக்கமாட்டார்.

வகுப்பின் முடிவில் மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். கான்சாகிபு படத்தின் முதற்காட்சியை ஒரு பக்கத்தில் எழுதி வர வேண்டும். எந்த வடிவத்திலிருந்து எடுத்தது என்பதையும் கீழே குறிக்க வேண்டும். பலர் தூக்குமரத்தையே எழுதியிருந்தனர். இருவர் பனையூரில் வீட்டை விட்டு ஓடும் சிறுவனை எழுதினர். ஒருவர் பரங்கிமலையில் தொடங்கி, கூடுவாஞ்சேரி ஏரிக்கரையில் குதிரைகள் நீர் அருந்துவதாக எழுதியிருந்தார். ஊர்ப்பற்று என்று சிரித்துக்கொண்டே மதிப்பெண் இட்டேன்.

சங்கரன்கோவில் பக்கத்து மாணவரின் தாளில் கோட்டைச் சுவரின்மேல் சிலர் நிற்கின்றனர். தொலைவில் புழுதி எழுகின்றது. முன்னால் ஒருவர் குதிரையில் வருகிறார். வெயில் எதிரே இருப்பதால் முகம் தெரியவில்லை. அதோடு காட்சி முடிந்துவிட்டது. முகத்தை எப்பொழுது காட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"மதுரையில், ஐயா. அவர் சுவருக்கு உள்ளே இருக்கும்போது" என்றார்.